ஒன்பதாவது வால்வு

கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் சர்வேயர் அம்மா நேராகப் போய் என் கணவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அந்த நாற்காலியின் வலது கைப்பிடியில் துணி கிழிந்து பஞ்சு தெரியும். பேசிக்கொண்டே அதை நோண்டுவது என் கணவரின் பழக்கம். வீட்டு சோபாவையும் அப்படித்தான் பாழாக்கி வைத்திருந்தார். சர்வேயர் அம்மாவின் கை அந்தக் கிழிசலின் மேல் படிந்தபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இங்கேருந்து பாத்தா கலன் தெரியலையே," என்றார் அவர்.

"தெரிஞ்சிருந்தா மனுஷன் எதுக்கு இறங்கிப் போறாரு?" என்றார் பஞ்சர். சொன்ன பிறகுதான் நான் அங்கே நிற்பது அவருக்கு ஞாபகம் வந்தது. காதைச் சொறிந்துகொண்டார்.

சர்வேயர் அம்மா காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இழப்பு மதிப்பிடுபவராக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்த கிடங்கின் சாம்பலை முகர்ந்தே எரித்தவனைச் சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கியவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். பஞ்சர் அவருடைய உதவியாளர். யார் பெருமையாகப் பேசினாலும் காற்றை இறக்கிவிடுவதால் வந்த பெயர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, வாய் மட்டும் பதினாறிலேயே நின்றுவிட்டது.

வழக்கு இதுதான். என் கணவர் அந்த ரசாயன ஆலையில் ஆப்பரேட்டர். ரசாயனம் கொதிக்கும் கலனில் ஏதாவது கோளாறு என்றால் அவர் ஒரே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதன் பிறகு கம்ப்யூட்டர் நிரல் வால்வுகளை ஒவ்வொன்றாக, விதித்த வரிசையில் மூடும். சூடேற்றும் நீராவி முதலில் நிற்க வேண்டும். குளிர்விக்கும் தண்ணீர் கடைசியில்தான் நிற்க வேண்டும். அடுப்பை அணைத்த பிறகுதான் தண்ணீரை நிறுத்துவோம், அதே நியாயம்.

அன்று மதியம் அவர் பொத்தானை அழுத்தினார். குளிர்நீர் முதலில் நின்றது. நீராவி ஓடிக்கொண்டே இருந்தது. அழுத்தம் ஏறுவதைக் கண்டு, அதை வெளியேற்றும் காற்றுத் திறப்பைக் கையால் திருகப் படியிறங்கி ஓடினார். கலன் வெடித்துத் தீப்பிடித்தது, அவர் திரும்பி ஏறவில்லை.

நிரல் வரிசை தவறவே முடியாது என்று விசாரணைக் குழு முடிவு செய்தது. ஆகவே ஆப்பரேட்டர் தானியங்கியை நிறுத்திவிட்டுக் கையால் மூடியிருக்கிறார், பதற்றத்தில் வரிசையை மாற்றிவிட்டார் என்று எழுதினார்கள். எதை யார் மூடினார்கள் என்று காட்டும் பதிவுப் பெட்டி கலனுக்குப் பக்கத்தில் இருந்து, அதோடு எரிந்துபோயிருந்தது. செத்தவர் மறுத்துப் பேசமாட்டார். எல்லோருக்கும் வசதி.

எனக்கும் பழகியிருக்கும் என்று நினைக்கிறேன், என் மகள் அன்று கல்லூரியிலிருந்து அப்படி வந்திராவிட்டால். அவள் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறாள். பாதுகாப்பு வகுப்பில் ஆசிரியர் ஓர் உதாரணம் சொல்லியிருக்கிறார்: அவசரப்பட்ட ஆப்பரேட்டர், இப்படி இருக்கக் கூடாது. ஆலையின் பெயரைச் சொன்னார். ஆப்பரேட்டரின் மகள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்: "அப்பா அப்படிப் பண்ணியிருப்பாராம்மா?" இல்லை என்று நான் சொல்வதற்குள் ஒரு கணம் தாமதமாகிவிட்டது. அந்தக் கணத்தை அவள் பார்த்துவிட்டாள். மறுநாள் காலையில் சர்வேயர் அம்மாவைத் தேடிப் போனேன். புதிய சான்று கொண்டுவந்தால் மறுவிசாரணை, இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவோம் என்று குழு சொல்லியிருந்தது.

கட்டுப்பாட்டு அறையைத் திறந்துவிட்டவர் ஆலையின் ஃபிட்டர் அண்ணன். சுவரில் பெரிய திரை ஒன்று இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. மூன்று வரிசையில் ஒன்பது கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு வால்வின் பெயர், பக்கத்தில் ஒரு விளக்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் எண் போட்டிருந்தது. ஏழைக் குறுக்குக்கோடு போட்டு எழுதுவது என் கணவர்தான்.

சர்வேயர் அம்மா எண்களைப் படித்தார். முதல் வரிசையில் ஒன்பது, நாலு, எட்டு. அதற்குக் கீழே இன்னும் தாறுமாறு. நீராவி வால்வுக்கு அடியில் ஒன்று என்று ஒட்டியிருந்தது, ஆனால் அது கடைசி வரிசையின் மூலையில் கிடந்தது.

"என்ன இது, வரிசை கெட்ட வரிசை?" என்று கேட்டார் பஞ்சர்.

முதலில் இப்படி இல்லை என்றார் ஃபிட்டர் அண்ணன். எட்டு வால்வு இருந்த காலத்தில் கட்டங்கள் ஒன்று முதல் எட்டு வரை ஒழுங்காகத்தான் நின்றன. பிறகு கழுவுநீருக்கு என்று ஒரு வால்வு புதிதாகப் பொருத்தினார்கள், அது ஒன்பதாவது. அதன் பெயரைச் சேர்த்த அன்றே திரை முழுவதும் சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி ஆகிவிட்டது. என் கணவர் மென்பொருள்காரர்களுக்கு போன் போட்டார். விளக்கெல்லாம் சரியாகத்தானே காட்டுகிறது, பெயரைப் பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அது உண்மையும்கூட. எந்தப் பெயருக்கும் தப்பான விளக்கு எரியவில்லை. பெயரைத் தேடுவதற்குள் கண் அலைகிறதே என்று அவரே டேப் வாங்கி வந்து, மூட வேண்டிய முறைப்படி எண் ஒட்டினார்; குளிர்நீர்தான் கடைசி என்பதால் அதற்கு ஒன்பது, புதிய வால்வுக்கு எட்டு.

அடுத்ததாக சர்வேயர் அம்மா ஃபிட்டர் அண்ணனின் காதுக்கு வந்தார். விபத்து நேரத்தில் அவர் மேல்தளத்தில் இருந்தார். இந்த வால்வுகள் மூடும்போது புஸ்ஸென்று காற்றை விடும். தினமும் கிரீஸ் போடுகிறவருக்கு எந்தத் திசையில் புஸ் என்றால் எந்த வால்வு என்று தெரியும். குழுவிடம் இதைச் சொன்னபோது, அந்த இரைச்சலில் அதெல்லாம் கேட்டிருக்காது என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

"திரும்பி நில்லுங்க அண்ணே, ஸ்க்ரீனப் பாக்கக் கூடாது," என்றார் சர்வேயர் அம்மா. "பஞ்சர், இவரு சொல்றதுல விரல வை."

ஃபிட்டர் அண்ணன் பீரோவைப் பார்த்துத் திரும்பி நின்று, கண்ணையும் மூடிக்கொண்டார். "மொதல்ல இடது பக்கம் கீழ. குளிர்நீர். அப்புறம் தலைக்கு மேல, சாம்பிள் எடுக்கிற வால்வு. அப்புறம் அந்தக் கோடியில ஒண்ணு, புதுசா வச்ச கழுவுநீர். அதுக்குள்ள சைரன் வந்துருச்சு."

பஞ்சரின் விரல் முதல் கட்டத்தில் இருந்தது. இரண்டாவதுக்கு நகர்ந்தது. மூன்றாவதுக்கு நகர்ந்தது. மேல் வரிசையில் இடமிருந்து வலமாக, ஒரு கோடு இழுத்த மாதிரி. விரல் கொஞ்சம்கூட வளையவில்லை.

"மேடம்," என்றார் பஞ்சர். வேறெதுவும் சொல்லவில்லை. அது அபூர்வம்.

சர்வேயர் அம்மா எழுந்து வந்து டேப்புகளைக் கிட்டத்தில் பார்த்தார். பதறுகிறவன் எப்படித் தப்பு செய்வான் என்று அவருக்குத் தெரியும், அதுதான் அவர் தொழில். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டை மாற்றிவிடுவான். ஒன்றை விட்டுவிடுவான். ஒன்றையே இரண்டு முறை செய்வான். கலைந்துபோன ஒரு வரிசையை மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பிக்கமாட்டான்.

திரையைப் பார்த்து அதே வரிசையில் மூடிவிட்டார் என்று குழு சொன்னால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"சரியான நம்பர் ஒட்டினது யாரு?" என்றார் சர்வேயர் அம்மா. "ஒட்டினவரே அத மறந்துட்டு கட்டத்த எண்ணிக்கிட்டு இருந்தாரா? இல்லம்மா. மூடினது ஸ்க்ரீன வரைஞ்ச அதே மூளை."

ஆட்டோவில் மூவரும் நெருக்கி உட்கார்ந்து போகும்போது, விசாரணையில் மென்பொருள் தரப்பு சொன்ன சாட்சியத்தை எனக்குத் தெரிந்தவரை ஒப்பித்தேன். திரை ஹேஷ் மேப்பிலிருந்து படிக்கிறது, அதற்கு வரிசை கிடையாது. வால்வை மூடும் வேலை வெக்டாரிலிருந்து படிக்கிறது, அதன் வரிசை மாறாது. திரை கலைந்தாலும் மூடும் வரிசை கலையாது. அந்த இரண்டு சொற்களுக்கும் அர்த்தம் புரியாமலே எனக்கு அது முழுதும் மனப்பாடம் ஆகியிருந்தது.

பஞ்சருக்குத் தெரிந்த ஒரே மேப் ஊரைக் காட்டுகிற மேப்தானாம், அதைப் பார்த்தே வழி தவறியிருக்கிறாராம். யாராவது விளக்கிச் சொன்னால் தேவலை என்றார்.

"என் தம்பிகிட்ட கேக்கலாமே," என்றேன். "நிரல் எழுதினதே அவன்தான். சாட்சி சொன்னதும் அவன்தான்."

சர்வேயர் அம்மா என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தார். என் தம்பியைப் பற்றிக் கேட்டார். சொல்வதற்கு எனக்கு நல்லதாகவே இருந்தது. அந்த ஆலையின் வேலை அவனுடைய நிறுவனத்துக்குக் கிடைக்கவே என் கணவர்தான் வழி செய்தார். அவர் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவன் வராமல் இருந்ததில்லை. ஒழுகும் குழாய், ஆடும் மேசை, மகளின் கணக்குப் பாடம், எல்லாவற்றையும் சரிசெய்து கொடுப்பான். சோபாவில் என் கணவர் உட்காரும் மூலையில் மட்டும் உட்காரமாட்டான்.

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "அங்க நாங்க ஒரு பொய் சொல்லுவோம்," என்றார் சர்வேயர் அம்மா. "நீங்க மொகத்துல காட்டிக்கக் கூடாது. முடியுமா?"

முடியும் என்றேன். கணவன் இறந்த வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் முகம் காட்டிப் பழகியவள் நான்.

தம்பியின் அலுவலகம் மூன்றாவது மாடி. கண்ணாடித் தடுப்புகள், சக்கரம் வைத்த நாற்காலிகள், அரைகுறையாக அழித்த வெள்ளைப் பலகை. என்னைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியை எனக்குத் தள்ளினான். வந்தவர்கள் யார் என்று சொன்னேன். அவன் முகம் மாறவில்லை. மறுவிசாரணை மனு போட்டே ஆகவேண்டுமா அக்கா, திரும்பத் திரும்பப் புண்ணைக் கிளற வேண்டுமா என்று மட்டும் மெல்லக் கேட்டான். பஞ்சர் குறுக்கே புகுந்து, தாங்கள் புண்ணைக் கிளறுவதற்குத்தான் வந்திருப்பதாகவும், அதற்கு முன் கொஞ்சம் பாடம் கேட்க வேண்டும் என்றும் சொன்னார்.

பாடம் சொல்வது என் தம்பிக்குப் பிடிக்கும். அன்றும் நன்றாகத்தான் சொன்னான்.

வெக்டார் என்பது ரயில் மாதிரி என்றான். நாலாவது பெட்டி என்றால் நாலாவது பெட்டிதான். இடம்தான் அடையாளம். முதலிலிருந்து கடைசிவரை நடந்தால் கோத்த வரிசையிலேயே போவாய். பத்துப் பெட்டியானாலும் பத்தாயிரம் பெட்டியானாலும் அது மாறாது. ஹேஷ் மேப் என்பது சாமான் பாதுகாக்கும் அறை மாதிரி. பெயரைச் சொன்னால் உன் பொருள் கைக்கு வரும், தேடவே வேண்டாம். பெயரை வைத்து ஒரு கணக்குப் போட்டு, அந்தக் கணக்கு காட்டும் அலமாரியில் பொருளை வைப்பார்கள். எந்த அலமாரிக்குப் பக்கத்தில் எது என்று கேட்கக் கூடாது. அறையைச் சுற்றி நடந்தால் எந்த வரிசையில் பொருள்கள் வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

"அப்ப எது ஒசத்தி?" என்றார் பஞ்சர்.

"எதுக்குன்னு கேளுங்க. 'குளிர்நீர் வால்வு தெறந்திருக்கா'ன்னு கேக்கணும்னா மேப். 'அடுத்து எத மூடணும்'னு கேக்கணும்னா வெக்டார்."

இன்னொன்றையும் அவனாகவே சொன்னான், கொஞ்சம் பெருமையோடு. அவர்கள் எழுதும் முறையில் எதையும் அழித்துத் திருத்துவதில்லையாம். வெக்டாரில் ஒன்றைச் சேர்த்தாலும் சரி, மேப்பில் ஒன்றை மாற்றினாலும் சரி, புதிதாக ஒன்று பிறக்கும், பழையது பழையபடியே இருக்கும். இரண்டுக்கும் பொதுவான பகுதியை இரண்டும் பகிர்ந்துகொள்ளும். பிடித்திருக்க ஒரு கை இருக்கும்வரை பழையது சாகாது என்றான். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததும் என்னைப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் தலையைக் குனிந்தான். பாசமுள்ள பிள்ளை. எனக்குக் கண் கலங்கியது.

சர்வேயர் அம்மா நன்றி சொல்லி எழுந்துகொண்டார். கதவுவரை போன பஞ்சர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, ஏதோ மறந்ததைச் சொல்வதுபோல் திரும்பினார்.

"உங்க நிரலத்தான் இன்னொரு ஆலையிலயும் ஓட்டுறாங்களாமே. அங்கயும் போன வாரம் பொத்தான அமுக்கினப்போ வால்வு வரிசை கலைஞ்சு மூடிச்சாம். நல்ல வேளை, கலன் காலி."

தம்பியின் கை மேசைமேல் இருந்த பேனாவைத் தேடியது.

"அங்க எத்தன வால்வு?"

"எட்டு."

"எட்டா?" புருவத்தைச் சுருக்கினான். "எட்டுன்னா கலையாதே."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை உருட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு இன்னும் புரியவில்லை. தம்பிக்கு முதலில் புரிந்தது. பேனாவை எடுத்தவன் அதைத் திரும்ப வைத்தான்.

சர்வேயர் அம்மா எழுந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தார்.

"ரயிலுக்கு எத்தன பெட்டின்னு நீங்க ஏன் தம்பி கேக்கணும்?" என்றார். "வெக்டார்னா பத்தானாலும் பத்தாயிரமானாலும் மாறாதுன்னு இப்பதான் சொன்னீங்க. 'அப்படி நடக்கவே நடக்காது'ன்னுதானே பதில் வந்திருக்கணும்? எட்டா ஒம்பதான்னு கவலைப்படுறவரு ஒரு ஆளுதான். மூடுற வரிசைய மேப்ல வச்சவரு."

அவர் குரலை உயர்த்தவில்லை. கிடங்கு எரிந்தவர்களிடம் பேசிப் பழகிய குரல்.

தம்பி என்னைப் பார்த்தான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு முதலில் என்னைத்தான் பார்ப்பான், நான் பழியை ஏற்றுக்கொள்வேன் என்று. நான் முகத்தில் எதையும் காட்டவில்லை. இந்த முறை நடிக்கவும் இல்லை.

பிறகு அவன் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். அவன் வார்த்தையில் எழுதக் கை வரவில்லை.

முதலில் எல்லாம் வெக்டாராகத்தான் இருந்தது. திரையில் எண்ணைத் தேடுவது கஷ்டமாக இருக்கிறது, பெயரைச் சொன்னால் காட்டுகிற மாதிரி செய்து கொடு என்று என் கணவர் கேட்டார். நியாயமான ஆசை. அவன் மேப் ஒன்று செய்தான். இப்போது அதே வால்வுகள் இரண்டு இடத்தில் இருந்தன, ஒருமுறை வெக்டாரில், ஒருமுறை மேப்பில். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் வைப்பது அவர்கள் தொழிலில் அசிங்கம். ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்தால் குழப்பம் வரும். ஆகவே வெக்டாரை எடுத்துவிட்டு, மூடும் வேலையையும் மேப்பின் மேலேயே நடக்கவிட்டான். நிரல் சுருங்கியது, அழகாக இருந்தது. சோதித்துப் பார்த்தான். எட்டு வால்வும் சரியான வரிசையில் மூடின.

அங்கேதான் கண்ணி இருந்தது. அவர்கள் எழுதும் மொழியில் மேப் சின்னதாக இருந்தால், அலமாரிக் கணக்கெல்லாம் எதற்கு என்று, கொடுத்த வரிசையிலேயே அடுக்கி வைத்துவிடும். எட்டுவரை அந்தச் சலுகை. ஒன்பதாவது வந்தால் கணக்குப் போட்டு அலமாரி அலமாரியாகப் பிரித்துவிடும். எட்டு வரைக்கும் இருந்தது ஒழுங்கு மாதிரி தெரிந்த ஒரு தற்செயல். யாரும் அதற்கு வாக்குக் கொடுக்கவில்லை. அவன் பரீட்சை வைத்தது அந்தத் தற்செயலுக்கு.

ஒன்பதாவது வால்வின் பெயரை ஆலைக்காரர்களே சேர்த்துக்கொண்டார்கள். மூடும் வரிசையை யாரும் திரும்பச் சோதிக்கவில்லை. விபத்துச் செய்தி வந்ததும் அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. குழு வந்து கேட்பதற்கு முன் வெக்டாரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தான். கேட்டபோது அதைக் காட்டினான்.

"ஸ்க்ரீன் கலைஞ்சுதுன்னு போன் வந்துச்சே," என்றார் சர்வேயர் அம்மா. "யாரு எடுத்தது?"

"நான்தான். சிரிச்சேன். 'பேரப் பாத்துப் படிங்க மாமா, நீங்கதான பேர் வேணும்னீங்க'ன்னு சொன்னேன்." என்றான் தம்பி. "மூடுறதும் அதே மேப்தான்னு அந்த நிமிஷம் தோணல. தோணியிருக்கணும்."

பஞ்சர் ஜன்னல் ஓரம் போய் நின்றுகொண்டார். அவரிடமிருந்து ஒரு கிண்டல் வராதா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. வரவில்லை.

மறந்ததை மன்னிக்கலாம். ஒரு நிரலைச் சுத்தமாக வைக்க நினைத்தான், அவ்வளவுதான். அதற்காக யாரையும் தூக்கில் போடமுடியாது. அவன் போனில் சிரித்ததைக்கூட, என் கணவர் இருந்திருந்தால் அவரும் சேர்ந்து சிரித்திருப்பார். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் என் வீட்டுக் குழாயைத் திருகிக்கொண்டே அவன் அந்தத் தீர்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். அந்த வகுப்பில் நடந்ததை அவள் அவனிடமும் சொல்லியிருந்தாள். உலகம் அப்படித்தான், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று அவள் தலையைத் தடவினான்.

சர்வேயர் அம்மா சுருக்கமாக முடித்தார். பழையது அழியாது என்று நீங்களே சொன்னீர்கள், விபத்தன்று ஓடிய நிரல் எங்கேயோ இருக்கும், எடுங்கள் என்றார். இருந்தது. திருத்துவதற்கு முந்தைய நிரல்களையும் அவர்கள் சேமித்து வைப்பது வழக்கம், அவன் எடுத்துக் கொடுத்தான். பஞ்சர் பிரதி எடுத்து, கீழே கையெழுத்து வாங்கினார். அதற்குப் பிறகு சர்வேயர் அம்மா என்னிடம் திரும்பி, மனு உங்களுடையது, கொடுப்பதா வேண்டாமா என்பதும் உங்கள் முடிவு என்றார். இப்படி ஒரு முடிவை என் மடியில் போடுவதற்கு அவருக்கே மனமில்லை என்பது தெரிந்தது.

தம்பி முந்திக்கொண்டான். "நானே போறேன்க்கா. குழுகிட்ட நானே சொல்றேன். வேலை போகும், கேஸ் வரும், வரட்டும். பொண்ணுகிட்ட மட்டும் நீ சொல்லிடு."

"குழுவுக்கு அவரு யாரோ ஒரு ஆப்பரேட்டர்," என்றேன். "அவளுக்கு அப்பா. மொதல்ல அவகிட்ட சொல்லு."

"என்னால முடியாதுக்கா."

"நான் பக்கத்துலயே இருப்பேன். வாயத் தெறக்க மாட்டேன். கெளம்பு."

அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த மகள் அவனைப் பார்த்ததும் சிரித்தாள். "என்ன மாமா, இன்னைக்கு ஞாயித்துக்கிழம இல்லயே," என்றாள்.

அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். மேப், வெக்டார், எட்டு, ஒன்பது, போன், சிரிப்பு, சாட்சியம், எதையும் விடவில்லை. அவள் படிப்புக்கு அது புரியும், இடையில் எதையும் விளக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஒருமுறை மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன்.

முடித்ததும் அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"எங்க கிளாசுக்கு வந்து சொல்லணும் மாமா," என்றாள். "எங்க சார் முன்னாடி, எல்லார் முன்னாடியும். நான் யாரோட பொண்ணுன்னு அங்க யாருக்கும் தெரியாது. அதையும் நீங்களே சொல்லுங்க."

அவன் சரி என்று சொல்லப் பார்த்தான். தலையை மட்டும்தான் ஆட்டினான். அவள் கதவைச் சாத்தாமல், அவன் அதை வாய்விட்டுச் சொல்லும்வரை நின்றுகொண்டிருந்தாள்.